வாய்க்காலுக்கு அக்கரையில் அம்மை குத்தியது

என் இடது தோளில் ஒன்பது இடத்தில் அம்மை குத்திய அடையாளம் உண்டு. வலது தோளில் நான்கு. அவற்றில் ஒன்றுதான் சின்ன வயதில் குத்தியது. மற்றதெல்லாம் பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, நானே எனக்குக் குத்திக்கொண்டது. "நீங்க குத்திக்கிட்டீங்களா?" என்று பாலக்கரையில் யாராவது கேட்டால் வாயால் பதில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்பது வேலையில் சேர்ந்த முதல் மாதமே தெரிந்துவிட்டது. ரவிக்கைக் கையை மேலே தள்ளிக்கொண்டு, கருவியை ஸ்பிரிட் விளக்கில் காட்டி ஆறவைத்து, எல்லார் கண்ணெதிரிலும் திருகிக் காட்டுவேன். உன்னிப்பாகப் பார்ப்பார்கள். "நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தாங்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

இது அறுபதுகளின் தொடக்கம். பெரியம்மை அப்போது ஒழியவில்லை. மாசி பிறந்தால் வெயிலோடு சேர்ந்து அதுவும் வரும். ஒரு சுகாதார அலுவலகத்தில் எனக்கு அம்மை குத்தும் வேலை. ஆண்கள் போனால் பெண்கள் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் எங்களைப் போன்றவர்களை எடுத்தார்கள். நான் போனாலும் விடவில்லை. ஆனால் மரியாதையாக விடவில்லை. அந்த வித்தியாசம் இன்ஸ்பெக்டருக்குத் திருப்தியாக இருந்தது.

கருவி ஒன்றும் பெரிய சமாசாரமில்லை. ஒரு சின்னப் பிடி, அதன் நுனியில் காலணா அளவுகூட இல்லாத ஒரு வட்டத் தகடு, தகட்டின் விளிம்பில் முள் முள்ளாய் முனைகள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் வரும் மருந்தைத் தோளில் ஒரு சொட்டு விட்டு, அதன் மேல் கருவியை வைத்துத் திருக வேண்டும். எட்டாம் நாள் போய்ப் பார்த்தால் அங்கே கொப்புளம் எழும்பியிருக்க வேண்டும். எழும்பினால் பதிவேட்டில் 'எழும்பியது' என்று எழுதலாம். எழும்பாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பெரும்பாலும் எழும்பாது. நான் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு மருந்தைத் துடைத்துவிடுவார்கள். பாலக்கரையில் சாம்பல் போட்டுத் துடைப்பார்கள். ஒரு தடவை ஸ்ரீரங்கத்தில் எனக்கு வேலை போட்டபோது அங்கே எலுமிச்சம்பழத்தால் துடைத்தார்கள். இரண்டு ஊருக்கும் ஆசாரத்தில் அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. உத்தர வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் அப்பாவும் நானும் குடியிருந்தோம். அப்பா கோவிலில் பிரபந்த கோஷ்டியில் சேவிக்கிறவர். தினமும் சாயங்காலம் நான் வாசலில் கால் வைத்ததும் அவர் குரல் வரும். "அங்கேயே நில்லு. தீர்த்தமாடிட்டு உள்ளே வா. பெருமாளுக்குத் தளிகை ஆயிண்டிருக்கு." நான் கிணற்றடிக்குப் போவேன். குளித்துவிட்டு வந்தால் அடுத்த கேள்வி. "அந்த மருந்து கன்னுக்குட்டி ஒடம்பிலேர்ந்து எடுக்கறதாமே? ஒரு ஜீவனை ஹிம்சை பண்ணி வர க்ஷேமம் நமக்கு எதுக்கு?" ஆசாரியரிடம் போய்ச் சங்கையும் சக்கரத்தையும் நெருப்பில் காய்ச்சி இரண்டு தோளிலும் பதித்துக்கொண்ட மனிதர், என் கருவியைப் பார்த்து ஹிம்சை என்றார். இதை ஒரு நாள் அவரிடமே சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தளிகை மட்டும் வழக்கம்போலப் பரிமாறினார்.

வீட்டில் ஒரு பேச்சு, பாலக்கரையில் ஒரு பேச்சு. காலை பஸ் காவேரிப் பாலத்தைத் தாண்டும்போது எங்கேயோ மாற்றிக்கொள்வேன்.

பொன்மலையில் வேலை பார்த்தவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை. அங்கே ரயில்வே குடியிருப்பில் தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்களாம். குத்திக்கொள்ளாவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டிருந்தான். மாதா கோவிலை ஒட்டிய வீடுகளிலும் கஷ்டமில்லை. தோளில் தழும்பு இல்லாத பெண்ணைக் கான்வென்டில் சேர்க்க மாட்டார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். எனக்கு வாய்த்தது குவார்ட்டர்ஸும் கிடையாது, கான்வென்டும் கிடையாது. பாலக்கரைக்குப் பின்னால் உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டி, துணி வெளுக்கிறவர்கள் குடியிருந்த ஒரு தெரு.

எனக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒரு முழு மணி நேரம் மூடநம்பிக்கையைப் பற்றி. பெரியம்மையை ஆத்தா என்பார்கள், மாரியம்மன் வந்து இறங்கியிருக்கிறாள் என்பார்கள், ஊசி போட்டால் அவளுக்குக் கோபம் வரும் என்பார்கள் என்று ஒரு டாக்டர் சொன்னார். அவர் சொன்னதெல்லாம் நிஜம். ஆனால் குத்தினால் குழந்தைக்கு மூன்று நாள் காய்ச்சல் வரும், கை வீங்கும், தாய் மடியை விட்டு இறங்காது, மூன்று நாள் அவள் துணி வெளுக்கத் துறைக்குப் போக முடியாது, துணி போய்ச் சேராவிட்டால் பெரிய வீட்டுக்காரர்கள் வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. அந்தத் தெருப் பெண்களும் சொல்லவில்லை. ஆத்தாவுக்கு ஆகாது என்றுதான் சொன்னார்கள். வெளியே சொல்லிக்கொள்ள அது கௌரவமான காரணம். நான் ஒரு வருஷம் அவர்களோடு சாமியைப் பற்றி வாதாடிவிட்டு அப்புறம்தான் துறையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். எனக்கு மூளை எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

அவர்களுக்கு அப்படியில்லை. ஒரு நாள் முதல் வீட்டில் கொழுகொழுவென்று ஒரு ஆண் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள். இடது தோளில் குத்தினேன். நான்கு வீடு தள்ளி ஒரு குழந்தையைக் காட்டினார்கள். வலது தோளை மட்டும் நீட்டினார்கள், இடது பக்கம் துணி போர்த்தியிருந்தது. அங்கேயும் குத்தினேன். தெருக் கடைசியில் மூன்றாவது குழந்தை. தொப்புளுக்குப் பக்கத்தில் மச்சம். முதல் வீட்டுக் குழந்தைக்கும் அதே மச்சம்.

"இவனுக்கு இப்பத்தானே குத்தினேன்?"

"அது இவன் அண்ணனுங்க."

"அண்ணன் எங்கே?"

"வெளிய போயிருக்கான்."

அண்ணனுக்கு ஒன்பது மாதம் இருக்கும். நான் பையை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். கோபம் வந்தது, பாதித் தூரத்தில் சிரிப்பும் வந்தது. அந்தத் தெருவிலேயே பத்திரமான குழந்தை அவன்தான். இரண்டு தோளிலும் எழும்பியது.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "சட்டம் இருக்கும்மா, கேஸ் போடலாம்" என்று ஒரு கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு என்னோடு வந்தார். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கழுதைகள் மட்டும் நின்றன. இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் கழுதைகளைப் பார்த்தார். அப்புறம் டீ குடிக்கப் போனோம்.

அந்தத் தெருவில் ஒருத்தி மட்டும் என்னிடம் சாமியைப் பற்றிப் பேசவில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும், என் வயதுதான். கையில் பத்து மாதப் பெண் குழந்தை. முதல் தடவை போனபோதே நேராகச் சொல்லிவிட்டாள்.

"மூத்தவனுக்குக் குத்தினாங்க. எட்டாம் நாள் போயிட்டான். இவளுக்கு வேணாங்க."

அலுவலகத்துக்கு வந்து, எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பையனின் பெயர் இருந்தது. நேர்க்கோட்டில், அழகான கையெழுத்தில், 'எழும்பியது' என்று எழுதியிருந்தது. அவன் எதனால் செத்தான் என்று எழுத அந்தப் பதிவேட்டில் இடமில்லை. கருவியைச் சரியாகச் சுட்டிருக்கமாட்டாரோ, புண்ணில் எதையாவது வைத்துக் கட்டியிருப்பார்களோ, அல்லது வேறு ஏதாவது ஜுரமோ, யாருக்குத் தெரியும்? அதற்கப்புறம் அவள் வீட்டுக்குப் போனால் வாதாடமாட்டேன். சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். குழந்தை என் குடைக்கம்பியைப் பிடித்து இழுக்கும். அவள் மூட்டை கட்டிக்கொண்டே என்னோடு பேசுவாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பாள். அம்மை குத்துகிற பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்று சொல்வேன். "அதுவும் சரிதான்" என்பாள்.

அந்த மாசியில் ஒரு நாள் நான் போனபோது மூட்டையை அவிழ்த்துப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தவள், ஒரு படுக்கை விரிப்பைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"பெரிய வீட்டுல ஆத்தா வந்திருக்காங்க" என்றாள்.

"எந்தப் பெரிய வீடு? யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஒரு வாரமா விரிப்புல மஞ்சளும் வேப்பிலையும். துணியில தெரியாதா எங்களுக்கு?"

கடைத்தெருவில் பெரிய வியாபாரம் செய்கிற குடும்பம் அது. ஏழை வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தெருவே ஒதுங்கிப் போகும், எனக்கும் சேதி தெரிந்துவிடும். பெரிய வீடுகளில் செருக மாட்டார்கள். வியாபாரம் இருக்கிறது, சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பார்கள். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அவர்கள் வீட்டுத் துணி வெளுக்கிறவளுக்கு மட்டும் தெரியும்.

நான் தரையைப் பார்த்தேன். குழந்தை அந்த விரிப்புகள் நடுவில் படுத்துக்கொண்டு ஒரு தலையணை உறையின் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தது.

குழந்தையைத் தூக்கி வெளியே கொண்டுபோய் நின்றேன். என் மனதில் இருந்தது அந்தக் குழந்தை ஒன்றுதான். இன்னும் சில நாளுக்குள் குத்தினால் பிழைக்கும், விட்டால் போய்விடும். இதை அவளிடம் சொன்னேன். சாமி, சட்டம் எதையும் இழுக்காமல் பச்சையாகச் சொன்னேன். அவள் விரிப்புகளை வாரி மூட்டையில் திணித்தாள். அப்புறம், "நாளன்னைக்கிக் காப்பு கட்டுறாங்களே" என்றாள்.

தெருக்கோடியில் ஒரு மாரியம்மன் கோவில் உண்டு. மாசியில் அங்கே காப்பு கட்டினால் எட்டு நாள் திருவிழா. அந்த எட்டு நாளும் தெருக்காரர்கள் வெளியூரில் தங்கக்கூடாது, எண்ணெய் போட்டுத் தாளிக்கக்கூடாது, முடி வெட்டக்கூடாது. உடம்பில் இரும்பு படக்கூடாது. அம்மை குத்துகிற கருவி இரும்பு இல்லை என்று நான் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? காப்புக்கு முன்னால் இன்றைக்கே குத்திவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. புண் காப்புக்குள்ளே பழுக்கும். ஆத்தா முன்னால் புண்ணோடு நிற்பது அதைவிடக் குற்றம்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கோவிலைப் பார்த்துக்கொள்கிற அம்மாளிடம் போனேன். ஆண் பூசாரி செத்துப்போய், அவர் சம்சாரமே பூசை செய்துவந்தாள். எனக்கும் அவளுக்கும் ஆகாது. என்னைக் கண்டால் எழுந்து நின்று சேலையை உதறிவிட்டுத்தான் உட்காருவாள். அன்றைக்கும் உதறினாள். நான் சொன்னதைக் கேட்டாள். விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"ஆத்தாவுக்கும் எல்லை இருக்குங்க" என்றாள். "காப்பு கட்டுற நேரத்துல எல்லைக்குள்ள இருக்கிற உசுருக்குத்தான் காப்பு. வெளியூர் போனவங்க, ஆஸ்பத்திரியில கெடக்கிறவங்க, அவங்களையெல்லாம் காப்பு கட்டுப்படுத்தாது. நம்ம எல்லை வாய்க்காலோட முடிஞ்சுது."

"அப்ப, அக்கரைல இருந்தா?"

"அக்கரைல இருந்தா அந்தப் புள்ளை இந்த வருசம் அசலூரு. நீங்க குத்துங்க, குத்தாம போங்க, எனக்கென்ன?"

நான் அவளை நன்றியோடு பார்த்தேன். அவள் மறுபடி ஒரு தடவை சேலையை உதறினாள்.

இந்த யோசனையைத் தெரு முழுக்கச் சொன்னேன். "பாப்போம்" என்றார்கள். "பாப்போம்" என்றால் அந்தத் தெருவில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் சிநேகிதி மட்டும் சரி என்றாள். ஆனால் அவளால் வாய்க்காலைத் தாண்ட முடியாது. மூத்தவன் போனபிறகு, இந்தப் பெண் தங்கினால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். சட்டி எடுக்கிறவள் காப்பு கட்டும்போது எல்லைக்குள் இருக்க வேண்டும், அவள் கையிலும் காப்பு கட்டியாக வேண்டும்.

"நீங்க தூக்கிட்டுப் போங்க. அங்க என்ன செய்றீங்களோ செய்ங்க. நான் பாக்கமாட்டேன். எங்கிட்ட சொல்லவும் வேணாம்" என்றாள்.

காப்பு கட்டுகிற அன்று சாயங்காலம் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து என் கையில் கொடுத்தாள். மரப்பாலத்தைத் தாண்டி அக்கரையில் ஒரு கல்லின் மேல் போய் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எத்தனையோ குழந்தைகளின் தோளைப் பிடித்திருக்கிறேன், ஒன்றையும் மடியில் வைத்திருந்ததில்லை. கொஞ்ச நேரம் அது என் முகத்தைப் பார்த்தது. அப்புறம் எதிர்க்கரையில் தாயைப் பார்த்துவிட்டது. அங்கே ஆரம்பித்த அழுகை நிற்கவில்லை. குடையைக் கொடுத்தேன், தள்ளிவிட்டது. பிரபந்தத்தில் தெரிந்ததைப் பாடினேன், இன்னும் பலமாக அழுதது. வயிறு நிறைந்திருந்ததைப் புடவையில் கக்கியது. வேலை முடிந்து சைக்கிளில் போனவர்கள் நிறுத்தி, என் நெற்றியில் இருந்த நாமக் கோட்டையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் போனார்கள்.

எதிர்க்கரையில் பம்பை மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். குலவைச் சத்தம் கேட்டது. பிறகு எல்லாம் நின்றது. காப்பு கட்டியாகிவிட்டது.

குடையைக் காற்றுக்கு மறைவாகச் சாய்த்து விளக்கைக் கொளுத்தினேன். கருவியை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் சுட்டேன். ஆறுவதற்கும் இரண்டு மடங்கு நேரம் காத்திருந்தேன். அந்த மூத்த பையன் என் நினைவை விட்டுப் போகவில்லை. திருகினேன். குழந்தை வீறிட்டது. அது எதிர்க்கரைக்கு நன்றாகக் கேட்டிருக்கும். நிமிர்ந்து பார்த்தேன். சொன்ன சொல் தவறாமல், துறைக் கல்லில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

இருட்டியதும் தகப்பன் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனான். அடுத்த நாட்களில் தினமும் பாலத்தடிக்குப் போனேன். குழந்தையைத் தகப்பன் தூக்கிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போவான். காய்ச்சல் வந்தது, விட்டது. எட்டாம் நாள் காலையில் கொப்புளம், நடுவில் குழி விழுந்து, பாடப்புத்தகத்தில் படம் போட்டதுபோல எழும்பியிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை என்று நினைத்தேன். பதிவேட்டில் எழுதும்போது கையெழுத்துகூட நன்றாக வந்தது.

அன்று மத்தியானம் தீச்சட்டி ஊர்வலம். எல்லைக்கு வெளியே பாலத்தில் நின்று பார்த்தேன். மஞ்சள் புடவை கட்டி, இரண்டு கையாலும் சட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். முகம் சிவந்திருந்தது. நெருப்பின் சூடு என்று நினைத்தேன். கை உயர்ந்திருந்ததால் இரண்டு தோளும் தெரிந்தன. இரண்டிலும் ஒரு தழும்பு இல்லை.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. தோளைப் பார்ப்பதுதான் என் தொழில். காப்பு அவிழட்டும், அவளுக்கும் ஒன்று குத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அந்த விரிப்புகளைக் கல்லில் அடித்துத் துவைத்தது யார் கை என்று அந்த எட்டு நாளில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. எனக்குக் கொடுத்த பட்டியலில் குழந்தைகள்தான் இருந்தார்கள். நானும் குழந்தையை மட்டுமே பார்த்தேன்.

காப்பு அவிழ்த்த மறுநாள் போனேன். அவள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது.

உள்ளே போகக்கூடாது, வெளியே நின்றேன். என் குரலைக் கேட்டு உள்ளேயிருந்து அவள் பேசினாள். குரல் அவளுடையதாக இல்லை.

"புள்ளை ஒடம்புல ஏதாச்சும் இருக்கா, பாருங்க."

தகப்பன் குழந்தையை வெளியே கொண்டுவந்தான். தாய் பக்கத்தில் படுத்து, அதுவரை அவளிடமே பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் எல்லாம் பார்த்தேன். தோளில் நான் குத்திய இடத்தைத் தவிர எங்கும் ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு."

"அப்ப சரி" என்றாள்.

அம்மை போட்ட பன்னிரண்டாம் நாள் செத்துப்போனாள். அன்று சாயங்காலம் அப்பா சொல்வதற்கு முன்னாலேயே நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். எத்தனை வாளி ஊற்றிக்கொண்டேன் என்று நினைவில்லை. அப்பா வந்து, "போறும், ஜுரம் வரும்" என்று கயிற்றைக் கையிலிருந்து வாங்கினார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இன்ஸ்பெக்டரிடம் மறுநாள் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்தம்மா வயசு நம்ம லிஸ்ட்லயே வராதேம்மா. நீங்க ஏன் மனசைப் போட்டு அலட்டிக்கிறீங்க? குழந்தை சக்ஸஸ்தானே?" என்றார். சக்ஸஸ்தான்.

தெருவில் வேறு கதை ஓடியது. அதைக் கோவில் அம்மாள்தான் எனக்குச் சொன்னாள், இந்தத் தடவை சேலையை உதறாமல். ஆத்தா அந்த வீட்டுக்கு ஒரு உசுரை எடுக்கத்தான் வந்தாளாம். குழந்தையை நான் அக்கரைக்குக் கொண்டுபோய்க் குத்தி, அவள் கைக்கு எட்டாமல் செய்துவிட்டேனாம். வந்தவள் வெறுங்கையோடு திரும்புவாளா? பெற்றவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளைக்குக் குத்தினால் ஆத்தா தாயை எடுத்துக்கொள்வாள். தெருவில் இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

நான் வீடு வீடாகப் போய் அப்படி இல்லை என்று சொன்னேன். துணியிலிருந்து வந்தது, அவளுக்கும் குத்தியிருந்தால் இருந்திருப்பாள், குத்தாதது என் தப்பு என்று சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வருஷம் அதற்குப் பிறகு அங்கே ஒரு குழந்தைக்கும் குத்தவில்லை.

அடுத்த மாசியில் காப்பு கட்டுகிற நாள் வந்தது. இன்ஸ்பெக்டர், "அந்தத் தெருவை விட்டுடுங்க, பிரயோஜனமில்லை" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இருந்தாலும் பழக்கதோஷத்தில் சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போய், பாய் விரித்து உட்கார்ந்தேன். வாய்க்காலில் தண்ணீர் குறைவாக இருந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தபோது பாலத்தில் ஆள் அரவம் கேட்டது.

முதலில் ஒருத்தி வந்தாள். இடுப்பில் குழந்தை. பின்னால் இரண்டு பேர். அப்புறம் ஒரு கூட்டமாகவே வந்தார்கள். தெருவில் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் ஒருத்தி பாக்கியில்லை. எல்லோரும் தலைக்குக் குளித்திருந்தார்கள். மஞ்சள் பூசி, பூ வைத்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் மூத்த பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். இன்னொருத்தி, அரிசிப் பானை எங்கே, உப்பு எங்கே என்று வீட்டுக்காரனுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருந்தாள். திருவிழாவுக்காகச் சிங்காரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சொன்னேனே, என் மூளை அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

பிள்ளைக்குப் பதில் தங்களை ஆத்தா எடுத்துக்கொள்ளட்டும் என்று வந்திருந்தார்கள். "அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று கத்தினேன். "உங்களுக்கும் குத்துறேன், முதல்ல உங்க கையைக் காட்டுங்க, அப்ப ரெண்டு பேரும் பிழைப்பீங்க" என்றேன். முன்னால் உட்கார்ந்திருந்தவள் குழந்தையை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கு வேணாங்க. ஆத்தாவுக்கும் ஏதாச்சும் ஒண்ணு மிச்சம் வைக்கணுமில்ல" என்றாள். "இவனுக்குக் குத்துங்க."

இருட்டுவதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. திருகிக்கொண்டே, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்னதை ஒருத்தியும் நம்பவில்லை. ஒருத்தியும் எழுந்து போகவும் இல்லை. குத்தி முடித்த குழந்தையை வாங்கி மடியில் போட்டு, தோளில் இருந்த மருந்து காய்கிற வரைக்கும் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.